மலையிலிருந்து மடை வரை: அரிட்டாபட்டி கற்றுத்தந்த பாடம்

நத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருந்தார். "எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு சிறிய பாறைக்குன்று இருக்கிறது. அரிட்டாபட்டியைப் போல அதையும் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அறிவித்துவிட்டால் ஆடு மாடு ஓட்ட முடியாது, அடிவாரத்துப் பட்டா நிலத்தில் உழக்கூட விட மாட்டார்கள் என்கிறார்கள். எது சரி?"

கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. மதுரையைச் சுற்றி அழகர்மலை, நாகமலை, பெருமாள்மலை, சமணர்மலை என்று குன்று இல்லாத திசையே கிடையாது. அந்தக் குன்றுகளின் அடியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏழு குன்று, எழுபத்திரண்டு நீர்நிலை

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் நரசிங்கம்பட்டியைத் தாண்டி இடதுபக்கம் பார்த்தால் வரிசையாகப் பாறைக்குன்றுகள் தெரியும். அந்தப் பக்கம்தான் அரிட்டாபட்டி. மேலூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர் பரப்பை, அதாவது ஏறக்குறைய 477 ஏக்கரை, பல்லுயிர் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் 37-ம் பிரிவின்படி தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட முதல் தலம் இதுதான். 7 குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அரசு கணக்குச் சொன்னது. அந்த நீர்நிலைகளில் ஒன்றான ஆனைகொண்டான் கண்மாய் 16-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்ற மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகளும் அதில் அடக்கம். அலங்கு என்று நாம் சொல்லும் எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் உண்டு.

ஊருக்குப் பழமையும் உண்டு. கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் சுமார் 2,200 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கேயே சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், சற்றுத் தள்ளி முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும் உண்டு. மீனாட்சிபுரம் பக்கத்து மலையில் உள்ள மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரோடு வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் வருகிறது. இன்றைய வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நரசிங்கம்பட்டிப் பெருமாள்மலை அடிவாரத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் கிடக்கின்றன.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இத்தனை ஆயிரம் ஆண்டாக மனிதர்கள் இந்த மலையடியைத் தேடி வந்து தங்கியிருக்கிறார்கள் என்றால், முதல் காரணம் தண்ணீராகத்தான் இருக்க முடியும். இங்கே பெரிய ஆறு கிடையாது. மலைதான் ஆறு.

மழை கண்மாயிலா பெய்கிறது?

நான் பணியில் சேர்ந்த புதிது. மேலூர் வட்டாரத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். மூன்று ஆண்டாகக் கண்மாய் நிரம்பவில்லை என்று மனு வந்தது. போய்ப் பார்த்தேன். கரை அங்கங்கே கரைந்திருந்தது. உள்வாயில் சீமைக்கருவேல் அடர்ந்திருந்தது. மடைப் பலகை இற்றுப்போயிருந்தது. எல்லாவற்றையும் அளந்து, குறித்து, கரையைப் பலப்படுத்த வேண்டும், மடையைச் சீர்செய்ய வேண்டும் என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் குந்தியிருந்த பெரியவர் ஒருவர் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏன் சார், மழை கண்மாயிலயா பெய்யுது? மேல போயிப் பாக்க வேணாமா?"

அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். வரத்துக்கால் கொஞ்ச தூரம் நன்றாகவே இருந்தது. அதற்குமேல் வாய்க்காலைக் காணோம். பாறை உடைத்த இடத்துக் கழிவுக்கல்லைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் லாரி போகப் பாதையும் போட்டிருந்தார்கள். மலையிலிருந்து வரும் தண்ணீர் அந்த மேட்டில் முட்டி வேறு பக்கமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கரையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்காது. வேளாண்மைப் பட்டம் வாங்கிய நான் கண்மாயைப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர் மலையைப் பார்த்தார். அந்த வெட்கம் இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மலைப்பக்கம்தான் நடக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

மலை நமக்கு எவ்வளவு தண்ணீர் தருகிறது என்று ஒவ்வொரு விவசாயியும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர். ஏக்கர் கணக்கில் சுமார் 4,000 லிட்டர்.

மதுரை மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. தோராயமாக 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அரிட்டாபட்டியில் பாரம்பரியத் தலமாக அறிவித்த 193 ஹெக்டேரில் மட்டும் 400 மி.மீ. மழை பெய்தால் அது சுமார் 77 கோடி லிட்டர். வெறும் பாறையில் பெய்த மழை மண்ணில் பெய்தது போல ஊறிப்போகாது. பெரும்பகுதி வழிந்து ஓடிவரும். அதில் பாதிதான் கண்மாய்க்கு வருகிறது என்று குறைத்தே போட்டாலும் 38 கோடி லிட்டர்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு விதைப்பு முதல் அறுப்பு வரை சுமார் 1,200 மி.மீ., அதாவது 48 லட்சம் லிட்டருக்குமேல் வேண்டும். நிலக்கடலைக்கு 500 மி.மீ., சுமார் 20 லட்சம் லிட்டர் போதும். அப்படியென்றால் இந்தப் பாறை வழித்துத் தருகிற தண்ணீரை மட்டும் வைத்துச் சுமார் 80 ஏக்கர் நெல்லோ, 190 ஏக்கர் நிலக்கடலையோ கரைசேர்க்கலாம். வயலில் நேராகப் பெய்யும் மழை இந்தக் கணக்கில் சேரவில்லை. வெட்டுப்பாறை, புல் முளைக்காத மொட்டை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் குன்று செய்கிற வேலை இது.

வழிந்து வருவது ஒரு பங்கு. பாறை வெடிப்புகளிலும் பாறையிடுக்கு மண்ணிலும் இறங்கித் தங்குவது இன்னொரு பங்கு. அது மெதுவாகக் கசிந்து அடிவாரத்தில் ஊற்றாகவும் மேலே சுனையாகவும் வெளிப்படும். மழை நின்று மாதக்கணக்கில் ஆன பிறகும் ஆடு மாட்டுக்கும், பறவைக்கும், கிணற்றுக்கும் தண்ணீர் கொடுப்பது இந்தக் கசிவுதான்.

ஒரு ஊர் மறுகால், அடுத்த ஊர் வரத்து

மேலூர் வட்டாரம் என்றாலே பெரியாறு பாசனம்தான் பலருக்கு நினைவு வரும். உண்மைதான். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்த பிறகு மேலூர்ச் சீமையின் முகமே மாறியது. ஆனால் கள்ளந்திரிக்கு மேலே உள்ள 45,041 ஏக்கர்தான் இருபோகம். மேலூர் பகுதியின் 85,563 ஏக்கரும் ஒருபோகம். வைகை அணையில் தண்ணீர் இருந்தால் புரட்டாசி வாக்கில் திறப்பார்கள். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். கால்வாய் ஏறாத மேட்டு நிலங்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. அவர்களுக்கு மலைத்தண்ணீரும் மானாவாரியும்தான். நெல், பொங்கலுக்கு வரும் செங்கரும்பு, வாழை, தென்னை, நிலக்கடலை என்று இந்தப் பக்கம் விளைவதில் மலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேலே உள்ள கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஒரு ஊரின் மறுகால்தான் அடுத்த ஊரின் வரத்து. அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, நாயக்கர்பட்டி, தெற்குத்தெரு என்று வருவாய்க் கணக்கில் ஊர்கள் வேறு வேறாக இருக்கலாம். தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது.

இலங்கையின் வறண்ட பகுதியிலும் இதே முறைதான். அங்கே குளத்தொடரை எல்லங்கா என்பார்கள். மேலே காடு, நடுவில் குளங்கள், கீழே வயல் என்று எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017-ல் அதை உலகின் முக்கிய வேளாண் பாரம்பரிய அமைப்புகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நம் பாட்டன்மார் வெட்டிவைத்ததும் அதற்குக் குறைந்தது அல்ல.

கல்லுக்கு வந்த ஆபத்து

மேலூர் வட்டத்துக் கல்லுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. கிரானைட் வெட்டியதில் கீழவளவு, கீழையூர்ப் பகுதிகளில் என்ன நடந்தது என்பதை நாடே பார்த்தது. 2012-ல் மாவட்ட நிர்வாகம் பெரிய அளவில் ஆய்வு நடத்தியது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் உ.சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015-ல் அவர் அறிக்கை கொடுத்தார். போன கல்லின் மதிப்பைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். விவசாயிக்கு அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மூடிய வரத்துக்காலும் மேடாகிப்போன கண்மாயும் எந்த அபராதப் பணத்திலும் தானாகத் திரும்பி வராது.

அடுத்து வந்தது டங்ஸ்டன். கல்லைத் துளைக்கும் கருவி முனைகளுக்கும், போர்த்தளவாடங்களுக்கும், பல்பு இழைக்கும் பயன்படுகிற உலோகம். 2023-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இதுபோன்ற முக்கியக் கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடுகிறது. 2024 நவம்பர் 7-ம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஏலத்தில் முன்னுரிமை பெற்ற நிறுவனம் இந்துஸ்தான் ஜிங்க் என்று அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டிக் குன்றுகளும் அதற்குள்ளேயே இருந்தன.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நவம்பர் 23-ம் தேதி கிராமசபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. மேலூரில் வணிகர்கள் கடைகளை அடைத்தார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான விவசாயிகள் நடந்தே போனார்கள். பெண்களும் முதியவர்களும் அதில் நிறைய. ஜனவரி 23-ம் தேதி அந்த ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது.

மக்கள் வென்றார்கள் என்று அன்றைக்கு வெடி போட்டுக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் நாம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதுகாக்க அறிவித்தது 193 ஹெக்டேர். ஏலத்தில் போனது 2,015 ஹெக்டேர். மலைக்குப் பட்டம் இருந்தது. மலைத்தண்ணீர் வந்து சேர்கிற ஓடைக்கும் கண்மாய்க்கும் வயலுக்கும் எந்தப் பட்டமும் இல்லை. ஒருவேளை அந்த 193-ஐ மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தோண்டியிருந்தால்? ஆழமான சுரங்கத்தில் வேலை செய்ய ஊறுகிற நீரை இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். குன்று நின்றிருக்கும், அதை நம்பியிருந்த விவசாயம் நின்றிருக்காது.

அதனால்தான் சொல்கிறேன். மலையை மட்டும் காப்பாற்றினால் போதாது. மலையிலிருந்து மடை வரை முழு வழியையும் காப்பாற்ற வேண்டும். அதற்கு ஆபத்து வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பட்டம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்பது வனவிலங்குச் சரணாலயமோ காப்புக்காடோ அல்ல. உள்ளூர் மக்கள் காலங்காலமாகச் செய்துவருகிற பழக்கவழக்கங்களுக்கு, அவர்களாக முடிவு செய்தால் ஒழிய, கட்டுப்பாடு போடக் கூடாது என்பதுதான் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல். மேய்ச்சல், சாமி கும்பிடுவது, திருவிழா, அடிவாரத்துப் பட்டா நிலத்தில் உழவு ஆகியவை அறிவிப்பினால் மட்டும் நின்றுபோவதில்லை. ஏற்கெனவே காப்புக்காடாக உள்ள இடத்தில் மட்டும் வனச்சட்டம் முன்போலவே பொருந்தும். உங்கள் குன்று வருவாய்த் துறைப் புறம்போக்கா, வனத்துறை நிலமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அறிவிப்பதற்கு முன் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஊர் கூடிப் பேசி, எல்லைகளைத் தெளிவாக எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் நத்தம் பக்கத்திலேயே, அழகர்மலைக் காட்டை ஒட்டிய காசம்பட்டிக் கோயில்காட்டை 2025 மார்ச்சில் தமிழகத்தின் இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பரப்பு 4.97 ஹெக்டேர்தான். சின்ன இடம் என்பது தடையில்லை. ஒருநாள் போய், அந்த ஊர்க்காரர்களிடம் நேரிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

ஊர் செய்ய வேண்டிய ஆறு வேலைகள்

1. நடந்து பாருங்கள். ஆடி மாதத்துக்குள் ஒருநாள், வயதானவர் இரண்டு பேரையும் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு மலையுச்சியிலிருந்து கடைசி மடை வரை நடங்கள். எந்தப் பாறைத் தண்ணீர் எந்த ஓடையில் விழுகிறது, எந்த வாய்க்கால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எங்கே அடைப்பு என்று எழுதுங்கள். சுனைகளுக்குப் பெயர் இருக்கும். அந்தப் பெயர்கள் பெரியவர்களோடு போய்விடும் முன்னே கேட்டு எழுதுங்கள்.

2. கணக்கோடு ஒப்பிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் இருக்கும். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, கண்மாய் ஆகியவற்றின் புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் உள்ள வாய்க்கால் நிலத்தில் காணாமல் போயிருந்தால், நில அளவை கேட்டு மனுக் கொடுக்க அந்தப் புல எண்தான் ஆதாரம்.

3. பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அதன் வேலை. பல ஊர்களில் அது பெயருக்கு எழுதி அலமாரியில் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள். பறவை, மூலிகையோடு நின்றுவிடாமல் சுனை, ஓடை, கண்மாய், நாட்டு நெல் ரகம், புலிக்குளம் கிடைமாடு எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

4. கிராமசபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபை. நீர்வழிப் பட்டியலைத் தீர்மானமாகப் போட்டு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்த பிறகு போடுகிற தீர்மானத்தைவிட, ஒன்றும் நடக்காத காலத்தில் போட்ட தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம்.

5. புரட்டாசிக்கு முன் வரத்துக்காலைச் சுத்தம் செய்யுங்கள். குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்தது இதுதான். வீட்டுக்கு ஒரு ஆள் இரண்டு நாள் வந்தால் பல ஊர்களில் வேலை முடிந்துவிடும். அரசுத் திட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் மழை காத்திருக்காது.

6. பக்கத்து ஊரோடு பேசுங்கள். மேலூர் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. தண்ணீர்ப் பங்கில் சண்டை போட்ட ஊர்கள்கூட மலைக்கு ஆபத்து என்றதும் ஒன்றாக நின்றன. அதைச் சாதாரணக் காலத்திலும் செய்ய முடியும். மேல் கண்மாய்க்காரரும் கீழ் கண்மாய்க்காரரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மரத்தடியில் உட்கார்ந்தால் பாதி வழக்கு குறையும்.

வாசகர்கள் கேட்டவை

கேள்வி: கண்மாய்க் கரம்பை மண்ணை வயலுக்கு அடிக்கலாமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: செவல், மணல் கலந்த நிலங்களுக்குக் கரம்பை மிகவும் நல்லது, ஈரம் பிடிக்கும், சத்தும் கூடும். ஏற்கெனவே களியாக உள்ள நிலத்துக்குத் தேவையில்லை. அடிக்கும் முன் ஒரு கைப்பிடி மண்ணை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு அதிகம் என்று வந்தால் விட்டுவிடுங்கள். விவசாயப் பயன்பாட்டுக்கு இணையவழியில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் அனுமதி பெறலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை என்று அளவு உண்டு. கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை பலவீனமாகும். மடை மட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டினால் அதில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது.

கேள்வி: வரத்துக்காலில் சீமைக்கருவேலை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. என்ன செய்வது?

பதில்: வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். தூரோடு, வேரோடு பறிக்க வேண்டும். காய் முற்றி உதிர்வதற்கு முன் செய்துவிடுங்கள். முற்றிய காயைத் தின்ற ஆடு மாட்டின் சாணத்தில் விதை முளைப்புத்திறனோடு வெளியே வரும். கிடை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பறித்த கரையில் பனை, வேம்பு, புங்கன் வையுங்கள். வெறும் கரையாக விட்டால் மறுபடியும் கருவேல்தான் வரும்.

கேள்வி: மலையைக் காப்பாற்று என்கிறீர்கள். அந்த மலையிலிருந்து வரும் மயில்தான் எங்கள் நிலக்கடலை விதையைக் கிளறித் தின்கிறது. இதற்கு என்ன பதில்?

பதில்: நியாயமான கேள்வி. மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. விஷம் வைப்பது சிறைக்கு வழி. விதைத்த முதல் பதினைந்து நாள்தான் ஆபத்துக் காலம். அந்த நாட்களில் மினுங்கும் நாடாக்களைக் காற்றில் படபடக்கும்படி கட்டுங்கள். இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினால்தான் பலன். அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் ஒருவர் தலையில் மட்டும் விழாது. மேலே சுனையில் தண்ணீரும் புதரில் இரையும் இருக்கும் வரை மயில் கீழே இறங்குவதும் குறையும். அதே மலையில் இருக்கிற வல்லூறும் கழுகும் ஆந்தையும் உங்கள் வயல் எலியைப் பிடிக்கின்றன என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: எங்கள் குன்று வெறும் பத்து ஏக்கர்தான். அதற்கு இவ்வளவு வேலை தேவையா?

பதில்: பத்து ஏக்கரில் 400 மி.மீ. மழை என்றால் ஒரு கோடியே அறுபது லட்சம் லிட்டர். பாதி வந்தாலும் உங்கள் ஊருணியும் நாலு கிணறும் கோடையைத் தாண்டும். நீங்களே முடிவு செய்யுங்கள்.

நத்தம் வாசகருக்கு முடிவாக ஒன்று. உங்கள் ஊர் இளைஞர்கள் சொல்வதும் சரி, பெரியவர்கள் கேட்பதும் சரி. இரண்டு பேரையும் ஒரே நாளில் மலைக்குக் கூட்டிப் போங்கள். மேலே நின்று உங்கள் கண்மாயையும் வயலையும் பார்த்துவிட்டு, பிறகு மனுவை எழுதுங்கள். எழுதிய மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள். திருத்தம் இருந்தால் சொல்கிறேன்.